மின்சேமிப்பு விளையாட்டில் மாணவிகள் பின்தங்கினார்களா?

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் மின்சாரத்தை எப்படிச் சேமிப்பது என்று சொல்லித்தரும் ஒரு கணினி விளையாட்டைப் பள்ளிக் கணினி அறையில் நான்கு வாரம் பிள்ளைகளை விளையாட வைத்திருக்கிறார். வகுப்பில் 24 மாணவர்கள், 14 மாணவிகள். கடைசியில் வந்த ஸ்கோர் பட்டியலில் முதல் பத்து இடங்களில் எட்டு இடம் மாணவர்களுக்குப் போய்விட்டது. "பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாகப் படிப்பது ஒத்துவரவில்லையோ? அவர்களுக்கென்று தனியாக வேறு விளையாட்டு கொடுக்கலாமா?" என்பது அவர் கேள்வி.

தனியாக எதுவும் கொடுக்க வேண்டாம். அந்தப் பட்டியலை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 38 பேரில் 24 பேர் மாணவர்கள் என்றால் நூற்றுக்கு 63 பேர். பத்துப் பெயர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தாலே சராசரியாக ஆறு அல்லது ஏழு பெயர் மாணவர்களுடையதாக இருக்கும். உங்களுக்கு எட்டு வந்திருக்கிறது. ஒரு பிள்ளை அன்றைக்குக் காய்ச்சலில் லீவு போட்டிருந்தால்கூட மாறியிருக்கக்கூடிய வித்தியாசம் இது. முதல் பத்தை விட்டுவிட்டு 38 பேரின் மதிப்பெண்ணையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். இரண்டு தரப்பும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் என்று நினைக்கிறேன். உச்சியில் இருக்கும் நாலைந்து பேரைப் பார்த்து ஒரு பாலினத்தைப் பற்றியே முடிவு கட்டுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.

சரி, வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், விளையாட்டில் எடுத்த ஸ்கோர் வேறு, விளையாடியதால் கற்றுக்கொண்டது வேறு. இதைப் புரிந்துகொள்ள உதவும் ஆய்வு ஒன்று கிரீஸ் நாட்டில் நடந்தது. மரீனா பாபாஸ்தெர்யூ என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்டார். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் 88 பேர். பாடம் மின்சாரம் இல்லை, கணினியின் நினைவகம் பற்றியது. ஒரு பாதிப் பேருக்குப் பாடத்தை விளையாட்டாகக் கொடுத்தார், மறுபாதிக்கு அதே பாடத்தை விளையாட்டு இல்லாத மென்பொருளாகக் கொடுத்தார். முன்னும் பின்னும் தேர்வு வைத்தார். விளையாடியவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். பையன்களுக்கு விளையாட்டுப் பழக்கம் முன்பே அதிகம், ஈடுபாடும் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்று பார்த்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிரிட்டனில் பொறியியல் மாணவர்களிடம் ரிச்சர்ட் ஜாய்னரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கார்ப்பந்தய விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். கார்ப்பந்தயம் என்றாலே ஆண்பிள்ளை விளையாட்டு என்றுதானே நினைப்போம்? அங்கும் கற்றலில் பெண்கள் குறைந்துவிடவில்லை.

நீங்கள் முன்தேர்வு வைக்காமல் விட்டதுதான் சிக்கல். தொடக்கத்தில் ஒருவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று தெரியாமல், முடிவில் உள்ள எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஏற்கெனவே உயரமாக இருந்தவன் எவ்வளவு வளர்ந்தான் என்று இன்றைய உயரத்தை மட்டும் அளந்து சொல்லப் பார்ப்பது போல.

அப்படியானால் அந்த ஸ்கோர் எதைத்தான் அளந்தது? பெரும்பாலும் கைப்பழக்கத்தை. நீங்கள் சொன்ன விளையாட்டில் வீட்டுக்குள் ஓடி ஓடி, நேரம் முடிவதற்குள் தேவையில்லாமல் எரியும் விளக்குகளை அணைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மவுஸை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறோம், திரையில் ஒரே சமயத்தில் எத்தனை இடத்தைக் கவனிக்கிறோம் என்பதுதான் அங்கே ஸ்கோரைத் தீர்மானிக்கிறது. இந்தத் திறமை பழகப் பழக வருவது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபெங், ஸ்பென்ஸ், பிராட் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களையும் ஆண்களையும் மொத்தம் 10 மணி நேரம் ஓர் அதிரடிக் கணினி விளையாட்டை ஆட வைத்தார்கள். அதற்குமுன் இடஞ்சார்ந்த கவனத்திலும், பொருள்களை மனத்துக்குள் சுழற்றிப் பார்ப்பதிலும் இருந்த இடைவெளி அதன்பின் நன்றாகச் சுருங்கிவிட்டது. வெறும் பத்து மணி நேரம்! பத்து மணி நேரத்தில் குறையும் இடைவெளியைப் பிறவி வித்தியாசம் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பத்து மணி நேரம் யாருக்குக் கிடைக்கிறது என்பது தனிக் கதை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் எப்போதாவது இணையம் பயன்படுத்தியிருக்கிறேன் என்று சொன்ன பெண்கள் நூற்றுக்கு 33 பேர், ஆண்கள் 57 பேர். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் சாயங்காலம் அது யார் கையில் இருக்கும் என்று உங்கள் மாணவிகளிடமே கேட்டுப்பாருங்கள். அண்ணன் கையில் என்று பலர் சொல்வார்கள். கணினி அறையிலும் இதே கதைதான். நான் சில பள்ளிகளில் ஆற்றல் மன்ற வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில், கலந்து உட்கார வைத்தால் மவுஸ் ஐந்து நிமிடத்தில் பையன் கைக்குப் போய்விடும். "மேலே பாரு, அந்த ஃபேன் ஓடுது, அணை" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருப்பது பெண்ணாக இருக்கும். பதில் அவளுடையது, ஸ்கோர் அவனுடையது. உங்கள் வகுப்பில் எப்படி உட்கார வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இது முக்கியம்.

இரண்டாவது, போட்டி. லீடர்போர்டைச் சுவரில் ஒட்டியதாகச் சொல்கிறீர்கள். போட்டி சிலரைத் தூக்கிவிடும், சிலரைச் சுருக்கிவிடும். இதைப் பற்றிப் பொருளாதார வல்லுநர்கள் நிறையச் சோதித்திருக்கிறார்கள். முரியல் நீடர்லி, லீஸ் வெஸ்டர்லண்ட் இருவரும் 2007இல் வெளியிட்ட சோதனை பெயர்பெற்றது. இரண்டிலக்க எண்கள் ஐந்தைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். கூட்டுவதில் ஆணும் பெண்ணும் சமம். ஆனால் "ஒவ்வொரு சரியான விடைக்கும் காசா, அல்லது போட்டியில் ஜெயித்தால் மட்டும் பெரிய காசா?" என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது ஆண்களில் 73 சதவீதம் பேர் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 35 சதவீதம் பேர்தான். திறமை ஒன்றாகவே இருந்தும் போட்டிக்குள் இறங்கும் துணிவில் இவ்வளவு தூரம்.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, பெண்கள் போட்டிக்கு ஆகாதவர்கள்" என்று யாராவது சொல்வார்கள். அவர்களுக்கு மேகாலயாவிலிருந்து பதில் இருக்கிறது. நீசி, லெனார்ட், லிஸ்ட் மூவரும் இதே மாதிரியான சோதனையை ஒரு பந்தை வாளிக்குள் எறியும் விளையாட்டாக மாற்றி, தான்சானியாவின் மாசாய் மக்களிடமும் மேகாலயாவின் காசி மக்களிடமும் நடத்தி 2009இல் வெளியிட்டார்கள். தந்தைவழிச் சமூகமான மாசாய்களில் ஆண்களில் பாதிப் பேர் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் 26 சதவீதம். சொத்து மகள்வழியாகப் போகும் காசி சமூகத்தில் பெண்களில் 54 சதவீதம், ஆண்களில் 39 சதவீதம். தலைகீழ். ஆகவே இது உடம்பில் எழுதியிருப்பதில்லை, ஊர் எழுதியது. உங்கள் வகுப்பில் வந்த பட்டியலும் உங்கள் ஊர் எழுதியதாக இருக்கலாம்.

இப்போது ஒரு வேடிக்கை. அந்த ஸ்கோருக்குப் பதிலாக நீங்கள் ஒரு கேள்வித்தாள் கொடுத்து, "மின்சாரத்தைச் சேமிப்பது முக்கியம் என்று நினைக்கிறாயா? தினமும் விளக்கை அணைக்கிறாயா?" என்று கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். மாணவிகள் முன்னால் வந்திருப்பார்கள். செலஸ்னி, சுவா, ஆல்ட்ரிச் மூவரும் 2000இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பல வயதினரிடமும் பல நாடுகளிலும், சுற்றுச்சூழல் அக்கறையைப் பற்றிக் கேட்டால் பெண்களே கூடுதல் அக்கறையும் கூடுதல் செயலும் சொல்கிறார்கள். அப்போது நீங்கள் வேறு மாதிரிக் கேள்வி அனுப்பியிருப்பீர்கள்: "பையன்களுக்கு இது ஏறவே மாட்டேன் என்கிறதே, என்ன செய்ய?" வேகத்தை அளந்தால் ஒரு தரப்பு ஜெயிக்கும், சொல்லும் அக்கறையை அளந்தால் மறுதரப்பு ஜெயிக்கும். புரிதலை அளந்தால் பெரும்பாலும் சமனாக முடியும். அளவுகோலைத் தேர்ந்தெடுக்கும்போதே வெற்றியாளரையும் பாதி தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

எனக்கு இதில் சுவாரசியமாகத் தெரிவது வேறு ஒன்று. இந்தப் பாடத்தில் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் உண்மையிலேயே வேறுபடும் இடம் ஒன்று இருக்கிறது. அது கற்கும் திறனில் இல்லை. விளையாட்டுக்குள் நுழையும்போதே அவர்கள் கொண்டுவரும் வீடு வேறு வேறாக இருக்கிறது.

ஒரு பள்ளியில் விளையாட்டைத் தொடங்கும் முன் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "உன் வீட்டில் கரண்டில் ஓடும் எல்லாவற்றையும் எழுது" என்றேன். பெண்பிள்ளைகளின் தாளில் பட்டியல் மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று சமையலறைப் பக்கமிருந்து தொடங்கியது. கிரைண்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் ஓடும் என்றும் சொன்னார்கள், சிலர் மாவு பதம்வரை சொன்னார்கள். பையன்கள் மோட்டார், இன்வெர்ட்டர், டிவி, ஏசி என்று எழுதினார்கள். மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள், இட்லி மாவு எந்தக் கிழமை அரைக்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இருபத்து நாலு மணி நேரமும் சூடாக உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸை இரண்டு தரப்புமே மறந்துவிட்டது. ஒரு வகுப்பில் பார்த்ததை வைத்து நாட்டுக்கே சட்டம் எழுத மாட்டேன். ஆனால் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் அதே திசையில்தான் கைகாட்டுகிறது: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது சராசரியாக நாளுக்கு 299 நிமிடம், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். பிள்ளைகள் இந்த வீட்டிலிருந்துதான் வருகிறார்கள்.

இதற்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நிறையச் சம்பந்தம் இருக்கிறது. விளையாட்டு ஏசியையும் வாட்டர் ஹீட்டரையும் மாடி அறைகளையும் வைத்து உருவாக்கப்பட்டிருந்தால், அந்த வீட்டை யார் அறிந்திருக்கிறார்களோ அவர்கள் முதல் லெவலிலேயே முன்னால் நிற்பார்கள். கிரைண்டரும் மிக்சியும் இருக்கும் சமையலறையை வைத்துத் தொடங்கினால் வேறு ஆட்கள் முன்னால் நிற்பார்கள். ஆஸ்திரேலிய சமூகவியலாளர் யோலாண்ட் ஸ்ட்ரெங்கர்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஸ்மார்ட் மீட்டர், வரைபடத் திரை, செயலி என்று வரும் எரிசக்திக் கருவிகள் எல்லாம் மனத்துக்குள் ஓர் ஆளை வைத்துக்கொண்டு செய்யப்படுகின்றன என்கிறார்: எண்களில் ஆர்வமுள்ள, கருவிப் பித்துள்ள, கணக்குப் பார்த்து முடிவெடுக்கிற ஓர் ஆண். துணி துவைப்பவர், குழந்தையைக் குளிப்பாட்டுபவர், சமைப்பவர் அந்தப் படத்தில் இல்லை. பல மின்சேமிப்பு விளையாட்டுகளைத் திறந்து பார்த்தால் அந்த ஆளே முதல் திரையில் வரவேற்பார்.

இரண்டு தரப்புக்குமே தெரியாத பகுதிதான் கற்பதற்கு நல்ல இடம். ஷாஸீன் அத்தாரியும் குழுவும் 2010இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில், வீட்டுக் கருவிகளும் செயல்களும் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கின்றன என்று மக்களை மதிப்பிடச் சொன்னார்கள். சராசரியாக உண்மையில் ஆவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சொன்னார்கள். அதிகம் செலவழிப்பவற்றில்தான் பெரிய தவறு. நம்மூரில் இதற்கு என் பிரியமான உதாரணம் மிக்சியும் ஃபேனும். மிக்சி போடும் சத்தத்தில் அதுதான் கரண்டைக் குடிக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறோம். 750 வாட் மிக்சி நாளுக்குப் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 7.5 யூனிட். தலைக்கு மேல் சத்தமில்லாமல் சுழலும் 75 வாட் ஃபேன் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் அதே இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். அதையே 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் 18 யூனிட். 2000 வாட் கெய்சரைக் கால்மணி நேரம் போட்டால் அரை யூனிட், அந்த அரை யூனிட்டில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு 55 மணி நேரம் எரியும். பத்து வாட் செட்டாப் பாக்ஸை அணைக்காமலே விட்டால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் தாண்டும். "லைட்டை அணை, லைட்டை அணை" என்று ஓடவைக்கும் விளையாட்டு இதில் எதையும் சொல்லித்தருவதில்லை.

இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால் பழைய பெரிய டப்பா ஃபேன் ரெகுலேட்டர். வேகத்தைக் குறைத்தால் கரண்ட் குறையும் என்று நினைப்போம். பழைய ரெசிஸ்டர் வகையில் மிச்சமாகும் பகுதி சூடாகவே வீணாகிறது, எலக்ட்ரானிக் வகையில்தான் உருப்படியாக மிஞ்சும். ஏன் என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பாடமே இதற்குள் வந்துவிடும்.

வீட்டில் நடப்பதற்கு வருகிறேன். ஸ்வீடனில் பவர் ஏஜென்ட் என்று ஒரு கைப்பேசி விளையாட்டு செய்தார்கள். பதின்வயதுப் பிள்ளைக்கு ஒற்றர் வேலை. "இன்று மாலை சமையலறையில் மின்செலவைக் குறை" என்கிற மாதிரிப் பணி வரும். வீட்டு மின் மீட்டரே ஸ்கோர் பலகை. தனியாக ஜெயிக்க முடியாது, அம்மா அப்பாவைக் கூட இழுத்தாக வேண்டும். 2009இல் வெளிவந்த மதிப்பீடு, கையளவு குடும்பங்களை வைத்துச் செய்தது. பணி நடந்த நேரங்களில் மின்செலவு நன்றாகக் குறைந்தது, ஆட்டம் முடிந்தபின் அது நிலைத்ததாகக் காட்ட முடியவில்லை. நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகர மாணவர் வீடுகளிடையே நடந்த எனர்ஜி பேட்டில் போட்டியில் சராசரி 24 சதவீதமும் அதிகபட்சம் 45 சதவீதமும் மிச்சப்படுத்தினார்கள். பிரமாதமான எண்கள். ஆனால் போட்டி என்பதற்காகச் சில நாள் இருட்டில் உட்காரலாம், ஆயுள் முழுக்க உட்கார முடியாது.

நான் இங்கே கவனிக்கச் சொல்வது எண்களை அல்ல. வீட்டில் மாற்றம் செய்ய யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதை. எட்டாம் வகுப்புப் பையன் வீட்டுக்குப் போய் "அப்பா, ஏசியை 24இல் வையுங்கள், ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சமாம், எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது" என்றால் வீட்டில் கொஞ்சம் பெருமையோடு கேட்பார்கள். அதே வயதுப் பெண் சொன்னால், "நீ போய் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு" என்று வரலாம். எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ஒருத்திக்கு அறிவு வந்தும் அது மீட்டரில் தெரியாமல் போனால், அதைக் கற்றல் குறைவு என்று எழுதிவிடக் கூடாது.

இன்னொரு பக்கம் இதைவிட மோசம். சில விளையாட்டுகளில் "வாஷிங் மெஷின் வேண்டாம், கையால் துவை" என்று தேர்ந்தெடுத்தால் போனஸ் புள்ளி கிடைக்கிறது. ஒரு தடவை குளிர்ந்த தண்ணீரில் துவைக்க மெஷினுக்குக் கால் யூனிட் அளவுதான் ஆகும். அந்தக் கால் யூனிட்டை மிச்சப்படுத்த ஒரு மணி நேரம் குனிந்து நிற்பது யார்? தமிழ்நாட்டு அரசு 2011இல் மிக்சி, கிரைண்டர், ஃபேன் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது அதை எத்தனை வீட்டில் எப்படி வரவேற்றார்கள் என்பதை உரலில் மாவாட்டி வளர்ந்த பாட்டியிடம் கேட்டால் தெரியும். மின்சாரத்தைச் சேமிக்கிறேன் என்று பெண்ணின் உழைப்பைச் செலவழிக்கும் விளையாட்டைப் பெண்பிள்ளைகள் ஆர்வமில்லாமல் ஆடினால் அவர்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பேன். உங்கள் விளையாட்டில் அப்படிப் புள்ளிகள் எங்கேயாவது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தனி விளையாட்டு பற்றிய கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன். "பெண்களுக்கான" என்று செய்வதெல்லாம் நடைமுறையில் ரோஸ் நிறத் திரையும் பூனைக்குட்டியும் சமையலறையுமாகத்தான் முடிகிறது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஹார்ட்மானும் கிளிம்ட்டும் 2006இல் பெண்கள் கணினி விளையாட்டில் எதை விரும்பவில்லை என்று கேட்டார்கள். பேச்சும் உறவும் இல்லாதது, வன்முறை, பெண்களைக் கவர்ச்சிப் பொம்மையாக வரைவது ஆகியவை முன்னால் வந்தன. இவற்றைக் களைந்தால் விளையாட்டு எல்லோருக்கும் நல்லதாகிறது, தனியாக வேலி போட வேண்டிய அவசியம் இல்லை. பூனைக்குட்டிக்கு நான் எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தைவான் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட எக்கோபெட் என்ற எரிசக்தி விளையாட்டில் ஒரு வளர்ப்புப் பிராணி கூடவே வருகிறது. வீட்டுக்குள் அன்றாடம் செய்யும் காரியங்களையும் பாடத்தில் படித்ததையும் பிள்ளைகள் மனத்தில் இணைப்பதற்காக அதை வைத்தார்கள். ஆண், பெண் என்று பிரித்து வைக்கவில்லை. தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்றால் பையன்களும் உருகத்தான் செய்கிறார்கள்.

அடுத்த முறை என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விளையாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே பத்துக் கேள்வி. அதில் பாதியாவது "எது அதிகம் செலவழிக்கும், ஏன்?" என்கிற மாதிரி இருக்கட்டும், நேரக் கெடு வைக்காதீர்கள். ஆணா பெண்ணா என்ற கட்டத்தைத் தாளின் தலையில் போடாமல் கடைசியில் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் முன்தேர்வைவிட எவ்வளவு ஏறியது என்று கழித்துப் பாருங்கள். லீடர்போர்டைக் கழற்றிவிட்டு, "போன வாரம் நீ, இந்த வாரம் நீ" என்று அவரவர் பழைய ஸ்கோரோடு மோத விடுங்கள். போட்டி இல்லாமல் வகுப்பு தூங்கிவிடும் என்று பயந்தால் வகுப்புக்கும் வகுப்புக்கும் போட்டி வையுங்கள். மவுஸ் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும், கடிகாரம் நீங்களே பாருங்கள். முதல் இரண்டு வகுப்புகள் ஸ்கோர் இல்லாமல் சும்மா ஓட்டிப் பழகட்டும்.

வீட்டுக்குப் போகும்போது வேலையை மாற்றிக் கொடுங்கள். இது எனக்கு நன்றாகப் பலித்தது. மாணவிகளிடம் மீட்டரையும் மோட்டாரையும் ஒப்படையுங்கள்: தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும், தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை மோட்டார் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மாணவர்களிடம் சமையலறையை ஒப்படையுங்கள்: கிரைண்டர், மிக்சி, ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், எது எவ்வளவு நேரம் ஓடுகிறது, பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை வாட் போட்டிருக்கிறது. ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்ததைப் பார்த்து அவன் அம்மா என்னிடம், "இவனுக்கு மாவு எங்கிருந்து வருதுன்னு பதிமூணு வயசுல தெரிஞ்சிருக்கு சார்" என்றார்.

அப்புறம் கட்டணக் கணக்கு. எந்த விளையாட்டும் இதைவிட நல்ல புதிர் தராது. 2022 செப்டம்பரில் வந்த தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழித்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 ரூபாய், அடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6. மொத்தம் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும், 501ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதன்பிறகு கட்டணம் கூடியிருக்கிறது, ஆனால் இந்தப் படிக்கட்டு வடிவம் அப்படியேதான். 480 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு மீதி ஒரு வாரம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று ஒரு பிரச்சினையை வகுப்பில் வைத்துப் பாருங்கள். நான் வைத்த வகுப்பில் விடையை முதலில் கண்டுபிடித்தது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி. திரையில் விளக்கணைக்கும் லெவலில் அவள் கடைசியிலிருந்து மூன்றாவது. அவள் வீட்டில் கரண்ட் பில் கட்டப் போவது அவள்தானாம்.

உங்கள் 38 பேருக்கும் இப்போது ஒரு பின்தேர்வாவது வைக்க முடியுமா என்று பாருங்கள். முன்தேர்வு இல்லாததால் யார் எவ்வளவு முன்னேறினார்கள் என்று அதில் தெரியாது. ஆனால் விளையாட்டு ஸ்கோரும் தேர்வு மதிப்பெண்ணும் கைகோத்துப் போகின்றனவா என்று தெரிந்துவிடும். பெயர்கள் வேண்டாம், ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் மட்டும் போதும். கணினிக்கு எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், மவுஸ் யார் கையில் இருந்தது என்பதையும் நினைவிருந்தால் எழுதுங்கள். அதை வைத்து மறுபடி பேசலாம்.